அரசியல் அறிவியல் படிக்க எவ்வளவு கடன் வாங்கலாம்? அமெரிக்கக் கல்லூரி தேடும் குடும்பங்களுக்கு

நர்சிங் படிக்கப்போகும் பிள்ளையின் வீட்டில் இந்தக் கணக்கு ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். என்ன வேலை, தொடக்கத்தில் என்ன சம்பளம் என்பதில் பெரிய மர்மம் இல்லை. அரசியல் அறிவியல் பட்டத்துக்கு அப்படி ஒரே வேலை கிடையாது. ஒரே வகுப்பில் படித்து முடித்தவர்களில் ஒருத்தி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருடைய அலுவலகத்தில் வாக்காளர் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பாள். ஒருவன் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்திருப்பான். இன்னொருவர் சட்டக் கல்லூரியில் மேலும் கடன் ஏற்றிக்கொண்டிருப்பார். சம்பளம் இப்படிச் சிதறிக் கிடக்க, கடன் தவணை மட்டும் மாதா மாதம் அதே தேதியில் வந்து நிற்கும்.

ஆகவே கடனை எந்தச் சம்பளத்தோடு ஒப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளை போகக்கூடிய பாதைகளில் குறைந்த சம்பளம் தருவது எதுவோ அதோடு ஒப்பிடுங்கள் என்பேன். அந்தச் சம்பளத்தில் கட்ட முடிகிற கடன் என்றால், மற்றப் பாதைகளில் கவலையே இல்லை.

ஏமாற்றும் எண் ஒன்று

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, ‘அரசியல் அறிவியலாளர்’ என்ற பணிக்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை தரும் சம்பளம். ஆண்டுக்கு 1,30,000 டாலருக்கு மேல். பார்த்ததும் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் நாடு முழுவதும் அந்தப் பெயரில் இருப்பவை சில ஆயிரம் பணியிடங்கள்தான். அவற்றுக்கும் பொதுவாக முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டும். நான்காண்டு இளங்கலை முடித்து வருபவருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. அதை ஒதுக்கிவிடுங்கள்.

கடன் யார் பெயரில் கிடைக்கும்?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் மத்திய அரசின் மாணவர் கடன் உண்டு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கும், எஃப்-1 மாணவர் விசாவில் வருபவருக்கும் கிடையாது. பத்து வருடமாக இங்கேயே பள்ளி படித்த பிள்ளை என்றாலும் விதி அதுதான். அவர்களுக்கு மிஞ்சுவது கல்லூரி தரும் உதவித்தொகை, சில மாநிலங்களின் உள்ளூர்க் கட்டணச் சலுகை, இல்லையேல் தனியார் கடன். தனியார் கடனுக்குப் பெரும்பாலும் இணைக் கையெழுத்து கேட்பார்கள். போடுபவர் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி.

எஃப்-1 மாணவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பொதுவான அரசியல் அறிவியல் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம் மட்டுமே; ஸ்டெம் படித்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இங்கே வராது. இங்கே சம்பாதித்துக் கடனை அடைக்க உறுதியாக இருப்பது அந்த ஒரே வருடம். எஃப்-1 மாணவர் இந்தப் பட்டத்துக்காகப் பெருங்கடன் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் பாடக் குறியீட்டு எண்ணையும் சேர்வதற்கு முன்பே சரிபாருங்கள். புள்ளியியல் கலந்த சில பாடத்திட்டங்களைக் கல்லூரிகள் வேறு குறியீட்டில் பதிந்திருப்பதுண்டு.

உண்மையான விலை

கல்லூரியின் அறிவிப்புக் கட்டணத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். திருப்பித் தர வேண்டாத உதவித்தொகைகளைக் கழித்த பிறகு நிற்பதே உங்கள் விலை. கூட்டாட்சி (மத்திய அரசு) நிதியுதவி பெறும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நிகர விலைக் கணிப்பான் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். வருமான விவரங்களைக் கொடுத்தால் தோராயமான தொகை வரும். மத்திய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தையும் தள்ளிப்போடாதீர்கள். சில மாநிலங்களில் உதவிப் பணம் முந்தியவருக்கே.

பணக்காரத் தனியார் கல்லூரி, அறிவிப்புக் கட்டணம் எவ்வளவு உயரமாக இருந்தாலும், நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு அரசுப் பல்கலைக்கழகத்தைவிட மலிவாக முடிவதுண்டு. பிரின்ஸ்டன் 2001இலேயே தன் நிதியுதவியிலிருந்து கடனை எடுத்துவிட்டு முழுக்க உதவித்தொகையாக மாற்றியது. பின்னால் வேறு சில கல்லூரிகளும் அதே வழிக்கு வந்தன. சிக்கல் நடுவில் இருப்பவைதான்: கட்டணம் பெரிது, நிதிக் கையிருப்பு சிறிது. கடன் குவிவது அங்கேதான்.

ஸ்கோர்கார்டை எப்படிப் படிப்பது

இனி அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம். அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டு, பாடப்பிரிவு வாரியான பகுதிக்குப் போங்கள். ‘பொலிட்டிகல் சயின்ஸ் அண்ட் கவர்ன்மென்ட்’ என்ற தலைப்பில், பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளமும் இடைநிலைக் கடனும் இருக்கும். இடைநிலை என்றால், சரிபாதிப் பேர் அதற்கு மேல், மீதிப் பாதிப் பேர் அதற்குக் கீழ். உங்கள் பிள்ளை கீழ்ப்பாதியில் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று என்பதை மறந்துவிட வேண்டாம்.

முகப்பில் பெரிதாகத் தெரியும் கல்லூரி அளவிலான சம்பளத்தை இந்தக் கணக்குக்கு எடுக்காதீர்கள். அது கல்லூரியில் சேர்ந்து 10 ஆண்டுகள் ஆனவர்களின் சம்பளம். எல்லாப் பாடப்பிரிவும், இடையில் படிப்பை விட்டவர்களும் அதில் சேர்ந்திருப்பார்கள். பொறியியல் துறை பெரிதாக உள்ள கல்லூரியில் அந்த எண் வீங்கித்தான் இருக்கும். அரசியல் அறிவியல் மாணவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பாடப்பிரிவு எண்ணிலும் நான்கு ஓட்டைகள் உண்டு. முதலாவது, மத்திய அரசின் நிதியுதவி பெற்ற மாணவர்களின் விவரம் மட்டுமே அதில் இருக்கிறது. பெற்றோர் முழுப் பணத்தையும் கட்டிய பிள்ளைகள் கணக்கில் இல்லை. இரண்டாவது, கடன் எண்ணில் மத்திய அரசுக் கடன் மட்டும்தான் வரும். தனியார் கடன் தெரியாது. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனைத் தனியாகக் காட்டுவார்கள், அதையும் தேடிப் பாருங்கள். கடனே வாங்காதவர்கள் கடன் இடைநிலையில் சேரமாட்டார்கள்.

மூன்றாவது ஓட்டைதான் இந்தப் பட்டத்துக்கு முக்கியமானது. மேற்படிப்பில் இருப்பவர்களைச் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசியல் அறிவியலிலிருந்து சட்டத்துக்கும் முதுகலைக்கும் போகிறவர்கள் நிறைய. அளக்கும் ஆண்டில் அவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருந்தால் காணாமல் போவார்கள். படித்து முடித்திருந்தால் புதுச் சம்பளத்தோடு உள்ளே வருவார்கள். ஆனால் அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டப் படிப்புக் கடன், பக்கத்தில் போட்டிருக்கும் இளங்கலைக் கடன் எண்ணில் இருக்காது. எனவே சம்பளம் எத்தனையாவது ஆண்டில் அளந்தது என்று அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே ஆண்டு அளவாக இருக்க வேண்டும்.

நான்காவது, சிறிய துறைகளின் விவரம் தனியுரிமை கருதி மறைக்கப்பட்டிருக்கும். வெற்றுக் கட்டம் என்றால் மோசம் என்று பொருளில்லை. அங்கே துறை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, கடைசி இரண்டு மூன்று பட்டமளிப்பு ஆண்டுகளின் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டியல் வைத்திருக்கும் துறை பெருமையோடு அனுப்பும். “எங்கள் மாணவர்கள் பல துறைகளில் ஒளிர்கிறார்கள்” என்ற வகைப் பதில் வந்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

தவணைக் கணக்கு

பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடனுக்கு உச்சவரம்பு உண்டு: முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டில் முடித்தால் மொத்தம் 27,000. இழுத்தடித்தாலும் 31,000ஐத் தாண்டாது. 2025–26 கல்வியாண்டில் வாங்கிய கடனுக்கு வட்டி 6.39 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் புதுக் கடனுக்குப் புது விகிதம் வரும். ஆனால் வாங்கிய கடனின் விகிதம் கடைசிவரை மாறாது.

6.39 சதவீத வட்டியில் 10 ஆண்டுக் கடனுக்கு, ஒவ்வொரு 10,000 டாலருக்கும் மாதம் 113 டாலர். 27,000க்கு மாதம் 305. பத்து ஆண்டில் கட்டுவது சுமார் 36,600. படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் வகைக் கடன் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

2026 ஜூலை 1 முதல் வாங்கும் கடன்களுக்கு வழக்கமான திட்டத்திலேயே கால அளவு கடன் தொகையைப் பொறுத்து மாறுகிறது. 25,000க்குக் கீழே 10 ஆண்டு. 25,000 முதல் 50,000க்குள் 15 ஆண்டு. அதற்கு மேல் இன்னும் நீளும். அதே 27,000ஐ 15 ஆண்டில் கட்டினால் மாதம் 234தான், மனதுக்கு இதமாக இருக்கும். மொத்த வட்டியோ 9,600இலிருந்து 15,000க்கு ஏறிவிடும். ஆகவே ஒப்பிடும்போது 10 ஆண்டுத் தவணையையே அளவுகோலாக வையுங்கள்.

இப்போது சம்பளத்தின் பக்கம். 2022 செப்டம்பர் முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 45,000 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அரசியல் அறிவியல் மாணவர்கள் கனவு காணும் வேலைக்கே அடித்தளம் இதுதான் என்பதால், என் கணக்குக்கு இந்த எண்ணையே எடுக்கிறேன். தனியாள் ஒருவருக்கு 2025ஆம் ஆண்டு விதிப்படி கூட்டாட்சி வருமான வரியும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தமும் போக மாதம் கையில் நிற்பது ஏறக்குறைய 3,190 டாலர். மாநில வரியும் மருத்துவக் காப்பீடும் இதற்குப் பிறகு. 305 தவணை பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வாஷிங்டன் வாடகையோடு இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் நடக்கும்.

இதே மாணவிக்கு விருப்பமான கல்லூரிக்காகப் பெற்றோர் மேலும் 60,000 டாலர் பேரண்ட் பிளஸ் கடன் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 2025–26இல் அதற்கு வட்டி 8.94 சதவீதம், கடன் கைக்கு வரும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 10 ஆண்டுத் தவணை மாதம் 758. இரண்டும் சேர்ந்தால் 1,063. மகளின் கைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ‘நான் வேலைக்குப் போனதும் கட்டிடறேன்பா’ என்று பிள்ளை மனதாரச் சொன்னாலும், சட்டப்படி அது பெற்றோரின் கடன். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தின்னப்போவதும் அதுதான். 2026 ஜூலை முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று இதற்கு உச்சவரம்பு வந்திருக்கிறது. வரம்பு இருப்பதால் அதுவரை வாங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கோடு எங்கே என்று கேட்டால்: மாணவர் பெயரில் 27,000க்குள் அடங்கினால் சரி. அதைத் தாண்டித் தனியார் கடனோ பேரண்ட் பிளஸோ தேவைப்பட்டால், அது இந்தப் பட்டத்துக்கு ஏற்ற கல்லூரி அல்ல, வேறு பாருங்கள்.

பட்டத்துக்குப் பிறகு மூன்று பாதைகள்

அரசுப் பணி முதலாவது. கூட்டாட்சி அரசில் இளங்கலைப் பட்டதாரி வழக்கமாக ஜி.எஸ்-5 என்னும் சம்பள நிலையில் நுழைவார்; ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 3.0 போன்ற தகுதி இருந்தால் அதைவிட உயர்ந்த ஜி.எஸ்-7. மதிப்பெண் நேரடியாகச் சம்பளமாகும் அபூர்வ இடம் இது. ஆனால் பெரும்பாலான பதவிகளுக்குக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. 2025 ஜனவரியில் கூட்டாட்சி ஆளெடுப்பை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கட்டும். மாநில, மாவட்ட, நகராட்சி அலுவலகங்களை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தொடக்கச் சம்பளம் பளபளக்காது, நிலைத்தன்மை உண்டு. வெளியுறவு, உளவு, பாதுகாப்புத் துறைகளுக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ரகசியத் தகவல்களைக் கையாளப் பாதுகாப்பு அனுமதி வழங்கும்போது பணநிலைமையையும் ஆராய்வார்கள். கடன் இருப்பது குற்றமல்ல, தவணை தவறுவது சிக்கல்.

தனியார் துறை இரண்டாவது. சந்தை ஆய்வு, கருத்துக்கணிப்பு, வங்கிகளின் விதிமுறைக் கண்காணிப்புப் பிரிவு, ஆலோசனை நிறுவனங்கள், விற்பனை என்று போகும். இங்கே பட்டத்தின் பெயருக்கு எடை குறைவு. கைவசம் இருக்கும் திறனுக்கே விலை. அரசியல் அறிவியல் துறைக்குள்ளேயே ஆய்வுமுறை, புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு பாடங்கள் இருக்கின்றன. ‘ஆர்’ மென்பொருள், வரைபடத் தரவு எல்லாம் கற்றுத்தருகிறார்கள். பலர் ஒரு கட்டாயப் பாடத்தோடு தப்பி ஓடிவிடுவார்கள். மூன்று நான்கு எடுத்தவர் வேறு வரிசையில் நிற்பார். கூடுதல் கடன் இல்லாமல் சம்பளத்தை உயர்த்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சட்டம் மூன்றாவது. அமெரிக்காவில் சட்டம் படிக்க எந்த இளங்கலையும் செல்லும். அரசியல் அறிவியல்தான் வேண்டும் என்றில்லை. புது வழக்கறிஞர்களின் சம்பளம் ஒட்டகத்தின் இரண்டு திமில்போல இருக்கும்: ஒரு கூட்டம் மிகப் பெரிய நிறுவனங்களில் 2,25,000 டாலரில் தொடங்குகிறது, பெருங்கூட்டம் அதற்கு வெகு கீழே, நடுவில் ஆள் குறைவு. சராசரியைப் பார்த்தால் யாருமே வாங்காத சம்பளம் கிடைக்கும். 2026 ஜூலை முதல் சட்ட மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரையறுத்துவிட்டார்கள். மேற்படிப்புக்கென முன்பிருந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. மீதிக்குத் தனியார் கடன்தான். சட்டம் படிக்கப்போவது உறுதி என்றால் இளங்கலையை முடிந்தவரை மலிவாக முடியுங்கள். சேர்க்கைக் குழு பெரிதும் பார்ப்பது ஜி.பி.ஏ.வும், எல்சாட் என்னும் சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும்தான்.

முனைவர் பட்டத்தைப் பற்றி ஒரே வரி: கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராத இடத்தில் சேராதீர்கள்.

தள்ளுபடித் திட்டங்களை எந்த அளவு நம்பலாம்?

அரசுப் பணியிலோ 501(சி)(3) வகைத் தொண்டு நிறுவனத்திலோ முழுநேரம் வேலை செய்து 120 தகுதியான தவணைகளைக் கட்டினால் மத்திய அரசுக் கடனின் மீதி தள்ளுபடி. பி.எஸ்.எல்.எஃப். என்னும் இந்தத் திட்டம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அரசியல் அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே செய்ததுபோல் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2026 ஜூலை முதல் கடன் வாங்குபவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்துத் தவணை மாறும் ஒரே திட்டம் ஆர்.ஏ.பி. 45,000 டாலர் வருமானத்துக்கு அதன் தவணை வருமானத்தில் 4 சதவீதம், அதாவது மாதம் 150. 27,000 கடனுக்கு மாத வட்டியே 144. அசல் மாதம் 50 டாலராவது குறையும்படி அரசு ஈடுகட்டும். சம்பளம் ஏற ஏற விகிதமும் ஏறும். 60,000ஐத் தாண்டினால் 6 சதவீதம், அதாவது 10 ஆண்டுத் தவணையின் பக்கத்திலேயே வந்துவிடும். பத்து ஆண்டு முடிவில் தள்ளுபடி ஆகும் தொகை பெரிதாக இருக்காது. இளங்கலைக் கடனை மட்டும் வைத்திருப்பவர் பி.எஸ்.எல்.எஃப்.புக்காக வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் போகிறவரின் ஒன்றரை லட்சம் டாலர் கடனுக்குத்தான் அது உயிர்க்காப்பு. தனியார் கடனுக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை. புதிய பேரண்ட் பிளஸ் கடனுக்கு ஆர்.ஏ.பி.யும் கிடையாது. திவாலானாலும், கட்டவே முடியாத நெருக்கடி என்று நீதிமன்றத்தில் தனியே நிரூபித்துத்தான் மாணவர் கடனை இறக்கிவைக்க முடியும்.

கடனைக் குறைக்கும் வழிகள்

சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு, பிறகு அரசுப் பல்கலைக்கழகம் என்ற வழி இந்தப் பட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கலிபோர்னியாவில் ஏ.டி.டி. எனும் மாற்றுப் பட்டம் முடித்தால் கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. உயர்நிலைப் பள்ளியில் எடுத்த, கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்களுக்கு எத்தனை கிரெடிட் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு செமஸ்டர் முன்னதாக முடித்தால் அந்தச் செமஸ்டரின் கட்டணமும் மிச்சம், சம்பளமும் ஆறு மாதம் முன்பே தொடங்கும்.

இன்டர்ன்ஷிப்பைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விடுகிறார்கள். காங்கிரஸ் அலுவலகப் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தரத் தனி நிதி ஒதுக்கியதே 2018இல்தான். வெள்ளை மாளிகை 2022இல் தரத் தொடங்கியது. பிரச்சாரங்களிலும் சிறு அமைப்புகளிலும் இன்றும் சும்மா உழைக்கச் சொல்வார்கள். கோடைக்காலம் முழுவதும் வாஷிங்டனில் வாடகை கொடுத்துக்கொண்டு சம்பளமில்லாமல் இருப்பது, பெயர் சொல்லாத கடன். சொந்த மாநிலத் தலைநகரின் சட்டமன்ற அலுவலகத்தில் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் அதை முதலில் பாருங்கள்.

கடைசியாக, நிதியுதவிக் கடிதம். கல்லூரிகள் கடனையும் உதவித்தொகையையும் ஒரே பட்டியலில் அடுக்கி, கீழே ‘மொத்த உதவி’ என்று கூட்டுத்தொகை போட்டிருக்கும். பேனா எடுத்து, திருப்பித் தர வேண்டிய வரிகளை அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். வளாக வேலைக்கான தொகையையும் அடியுங்கள். அது உழைத்தால்தான் வரும். பெற்றோரில் ஒருவர் வேலை இழந்திருந்தாலோ பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, ஆதாரங்களோடு நிதியுதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதலாம். மாற்றியமைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இன்னொரு நிகரான கல்லூரி கூடுதலாகத் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணையுங்கள். பெரும்பாலான இடங்களில் முடிவு சொல்ல வேண்டிய நாள் மே 1. கடிதம் கைக்கு வந்த வாரமே எழுதிவிட்டால், பதில் வருவதற்கும் இன்னொரு முறை பேசுவதற்கும் நேரம் இருக்கும்.